கேட்டெழுதிய மாணவர்: ‘என் சரித்திர’த்தில் கல்வி வேட்கையும் எழுத்தாளர் உருவாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ பெரும்பாலும் குருபக்தியின் சான்றாகவோ பதிப்பு வரலாற்றின் ஆவணமாகவோ வாசிக்கப்பட்டு வருகிறது. இலக்கியம் பயிலத் துடித்த ஒரு மாணவர் எவ்வாறு எழுத்தாளராக மாறினார் என்பதைச் சொல்லும் நூலாக அதை அணுகுகிறது இக்கட்டுரை. மாணவப் பருவத்தில் அவர் விரும்பியது கவிஞராதலை. காலம் அவரை ஆக்கியது உரைநடையாளராக. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவை அவர் மூன்று வகை எழுத்துப் பயிற்சிகளின் வழியே கடந்தார். ஆசிரியர் சொல்லக் கேட்டு எழுதுதல், சுவடியைப் பார்த்துப் பெயர்த்து எழுதுதல், கடந்த காலத்தை நினைந்து எழுதுதல் என்பன அவை. நூலின் நிகழ்ச்சிகளை இம்மூன்று நிலைகளில் வைத்து ஆராய்வதும், அதன் மௌனங்களைச் சுட்டுவதும் கட்டுரையின் நோக்கங்களாகும்.

திறவுச்சொற்கள்: உ.வே.சாமிநாதையர், மீனாட்சிசுந்தரம் பிள்ளை, தன்வரலாறு, கல்வி வேட்கை, ஏடெழுதுதல், பதிப்பு, உரைநடை.

முன்னுரை

எழுத வேண்டும் என்னும் ஆசையே பலரை இலக்கிய வகுப்புக்கு அழைத்து வருகிறது. வந்த பின் அவர்கள் ஒரு பிளவை எதிர்கொள்கின்றனர். வகுப்பறை இலக்கியத்தை ஆராயக் கற்பிக்கிறது. எழுதுவதை வகுப்பறைக்கு வெளியே தாமாகவே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆய்வாளர் ஒருவர், படைப்பாளர் மற்றொருவர் என்ற பாகுபாடு இயல்பானதாகவே ஏற்கப்பட்டுவிட்டது. இப்பாகுபாடு தோன்றாத ஒரு கல்விச் சூழலிலிருந்து புறப்பட்டு, அது உருவாகும் காலத்தைக் கடந்து வந்தவர் உ.வே.சாமிநாதையர் (1855–1942). அவ்வகையில் அவருடைய தன்வரலாறு இன்றைய இலக்கிய மாணவரின் சிக்கலோடு நேரடித் தொடர்புடையது.

‘என் சரித்திரம்’ 1940 முதல் ‘ஆனந்த விகடன்’ வார இதழில் தொடராக வெளிவந்தது. 1942 ஏப்ரல் 28 அன்று ஆசிரியர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றது. 1950இல் நூலாயிற்று. 122 அத்தியாயங்களைக் கொண்ட இந்நூல் 1899ஆம் ஆண்டளவில் வந்து நின்றுவிடுகிறது. ஐயரின் பிற்காலப் புகழ், சென்னை மாநிலக் கல்லூரிப் பணி, 1906இல் பெற்ற மகாமகோபாத்தியாயப் பட்டம், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் வழங்கிய டாக்டர் பட்டம் ஆகியவை இதில் இடம்பெறவில்லை. எழுதப்பட்ட பகுதியில் பெரும்பங்கைப் பெற்றிருப்பது அவருடைய மாணவப் பருவமே. ஆகவே, நிலைபெற்ற ஓர் அறிஞரின் வெற்றி வரலாறு என்பதைவிட, ஒரு மாணவரின் தவிப்பு வரலாறு என்பதே இந்நூலுக்குப் பொருந்தும்.

ஆசிரியரைத் தேடி அலைதல்

நூலின் முற்பகுதியை ஆள்வது இடப்பெயர்ச்சி. தந்தை வேங்கடசுப்பையர் இசைவாணர். கனம் கிருஷ்ணையரின் மாணாக்கர். ஊர் ஊராகச் சென்று இராமாயணக் கதையை இசையோடு சொல்லி, கிடைத்ததைக் கொண்டு குடும்பம் நடத்தியவர். மகனுக்குத் தமிழில் நாட்டம் தோன்றியதும் குடும்பத்தின் இடப்பெயர்ச்சிக்கு மற்றொரு காரணமும் சேர்ந்துவிடுகிறது. பாடம் சொல்லத்தக்கவர் எங்கே இருக்கிறாரோ அங்கே குடியேறுவது என்பதே அது. அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என ஆசிரியர் வரிசை நீள்கிறது. ஒருவரிடம் திருவிளையாடற் புராணம், ஒருவரிடம் நன்னூல், மற்றொருவரிடம் யாப்பருங்கலக் காரிகை என்று அறிவு துண்டு துண்டாகவே கிடைக்கிறது.

இப்பகுதியில் கருதத்தக்கது, கல்வி வேட்கை கருத்தளவில் பேசப்படாமையாகும். தமிழின் பெருமை, மொழிப்பற்று என்பவை குறித்த உரைகள் இங்கு இல்லை. நூல் கிடைக்காமை, கிடைத்த நூலுக்குப் பொருள் சொல்வார் இல்லாமை, பொருள் சொல்வார் இருந்தும் அவ்வூரில் உணவுக்கு வழியில்லாமை என்னும் இல்லாமைகளின் வரிசையே வேட்கையை உணர்த்துகிறது. ஒவ்வோர் ஆசிரியரும் தமக்குத் தெரிந்ததைக் கற்பித்து முடித்ததும், இனித் தம்மிடம் இல்லை என்னும் எல்லை வந்துவிடுகிறது. அவ்வெல்லையில் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயர் காதில் விழுகிறது. நேரில் காணுமுன்பே ஒரு பெயர் மாணவரின் உள்ளத்தில் வளர்ந்துவிடுவதை ஐயர் பொறுமையாகச் சித்திரித்துச் செல்கிறார்.

உறவினரும் அறிந்தவரும் இவ்வேட்கைக்கு ஆதரவாக இருந்தனர் எனல் இயலாது. ஆங்கிலம் படித்தால் உத்தியோகம் கிட்டும், வடமொழி படித்தால் மறுமைக்கு நன்மை உண்டு, தமிழால் வரும் பயன் யாது என்னும் வகையான அறிவுரைகளை அக்குடும்பம் கேட்க நேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த இக்கேள்வி, சொற்கள் சற்றே மாறி, இன்றும் தமிழ் இலக்கிய மாணவர் ஒவ்வொருவர் வீட்டிலும் எழுகிறது. இதற்கு ஐயர் வாதத்தால் விடை கூறவில்லை. அறிவுரைகளைக் கேட்டபின்பும் மாறாத விருப்பத்தை மட்டும் பதிவு செய்கிறார்.

தளிர் காட்டிய மாணவர்

1871இல் மாயூரத்தில் பிள்ளையைத் தந்தையும் மகனும் சந்திக்கின்றனர். வந்து சில காலம் படித்துவிட்டு இடையில் போய்விடும் மாணவர்களைப் பிள்ளை பலமுறை கண்டவர். எனவே அவர் உடனே உற்சாகம் காட்டவில்லை. மாணவரின் உணவுக்குத் தம்மால் ஏற்பாடு செய்ய இயலாத நிலையையும் தெரிவிக்கிறார். அச்செலவைத் தாம் ஏற்பதாகத் தந்தை கூறிய பின்னரே கல்வி தொடங்குகிறது. வேங்கடராமன் என்னும் பெயர் மாணவரிடமிருந்து நீங்கிச் சாமிநாதன் என்னும் பெயர் நிலைத்ததும் பிள்ளையின் விருப்பத்தால்தான். நூலின் முகப்பில் இன்று நாம் காணும் ஆசிரியர் பெயரே ஓர் ஆசிரியர் தேர்ந்தெடுத்தது என்பது இந்நூலைப் பொறுத்தவரை பொருளற்ற செய்தியன்று.

தொடக்கத்தில் பிள்ளையின் மூத்த மாணாக்கராகிய சவேரிநாத பிள்ளை பாடம் சொல்கிறார். மாணவரின் உள்ளம் அதில் நிறைவு கொள்ளவில்லை. பெரும்புலவரின் வாயிலாகவே கேட்க வேண்டும் என்று விரும்புகிறது. பிள்ளை தம் வீட்டுத் தோட்டத்து மரஞ்செடிகளில் புதுத் தளிர் விடுவதைக் காலையில் பார்த்து மகிழும் இயல்பினர். இதனை அறிந்த மாணவர் அவருக்கு முன்பே எழுந்து, எங்கெங்கே தளிர் விட்டிருக்கிறது என்று தேடி வைத்துக்கொள்கிறார். அவர் வந்ததும் அவற்றைக் காட்டுகிறார். ஆசிரியரின் அன்பு கனிகிறது. நேரடிப் பாடத்துக்கு வழி பிறக்கிறது.

இந்நிகழ்ச்சி பொதுவாகக் குருபக்திக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. அது ஒரு பக்கமே. மாணவர் இங்குச் செய்வது கூர்ந்து நோக்குதல். ஒருவர் எதை விரும்புகிறார், எந்த வேளையில் எங்கே நிற்கிறார், எதைக் கண்டு முகம் மலர்கிறார் என்பவற்றைக் கவனித்து நினைவில் நிறுத்தும் ஆற்றல் அது. பின்னாளில் 1933–34இல் இரு பாகங்களாகப் பிள்ளையின் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோதும், ‘நினைவு மஞ்சரி’, ‘நான் கண்டதும் கேட்டதும்’ ஆகிய தொகுப்புகளின் கட்டுரைகளை எழுதியபோதும் அவருக்குத் துணைநின்றது இவ்வாற்றலே. பாடம் பெறுவதற்காக மேற்கொண்ட ஓர் உத்தி, மாணவர் அறியாமலே எழுத்தாளருக்குரிய பயிற்சியாகவும் அமைந்துவிட்டது. பாடத்தில் கற்றது யாப்பு. தோட்டத்தில் கற்றது மனித இயல்பு. உரைநடையாளராக அவருக்கு நிலைத்த புகழைத் தேடித் தந்தது இரண்டாவதே எனலாம்.

கேட்டு எழுதுதல்

பிள்ளை இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களையும் பல பிள்ளைத்தமிழ், அந்தாதி, கலம்பகம் முதலியவற்றையும் இயற்றியவர். அவர் எழுத்தாணியைக் கையில் எடுத்து இயற்றியவரல்லர். செய்யுளை மனத்தில் அமைத்து வாயால் சொல்ல, மாணாக்கர் ஒருவர் ஏட்டில் எழுதுவதே வழக்கம். பயணத்தின் நடுவிலும் இது நிகழ்ந்தது. திருப்பெருந்துறைப் புராணம், அம்பர்ப் புராணம் முதலியவை உருவான காலத்தில் ஐயர் உடனிருந்தவர். எழுதும் பணியும் அவருக்கு வாய்த்தது.

இங்கு ‘எழுதுதல்’ என்னும் சொல்லின் பொருள் ஆராயத்தக்கது. அச்சூழலில் நூல் இயற்றுபவர் புலவர், கவிஞர், வித்துவான் என்று பெயர் பெற்றார். எழுதுபவரோ அவர் சொன்னதை ஏட்டில் பதிப்பவர். இயற்றுதல் உயர்ந்தது, எழுதுதல் துணைத்தொழில். இன்று ‘எழுத்தாளர்’ என்னும் சொல்லில் இயற்றுபவரும் எழுதுபவரும் ஒருவராகிவிட்டனர். ஐயர் பயின்ற சூழலில் அவர்கள் இருவர். அவ்விருவருக்கும் இடையே ஆசிரியர், மாணவர் என்னும் உறவு இருந்தது.

கேட்டெழுதும் மாணவருக்குக் கிட்டிய பேறு எத்தகையது? முடிந்த நூலைப் படிப்பவருக்கு அதன் பிறப்பு தெரிவதில்லை. கேட்டெழுதுபவரோ ஒரு செய்யுள் உருவாகும் வேகத்தையும், அடுத்த சொல்லுக்காகப் புலவர் நிற்கும் இடத்தையும், ஓர் எதுகை மற்றோர் எதுகையை அழைத்து வரும் முறையையும் உடனிருந்து காண்கிறார். எழுத்துக் கலையைக் கற்பிக்க இதைவிட நெருக்கமான முறை அரிது. அதே வேளையில், கேட்டெழுதுபவரின் சொந்தக் குரலுக்கு அங்கு இடம் குறைவு. ஐயர் அக்காலத்திலும் செய்யுள் இயற்றினார்; வாய்ப்பு நேர்ந்தபோது இயற்றிக் காட்டிப் பாராட்டும் பெற்றார். ஆயினும், பிள்ளையின் வெள்ளம் போன்ற ஆற்றலுக்கு அருகில் இருந்தவருக்குத் தம் கவித்திறத்தின் அளவும் தெரிந்திருக்கும். பெரும் புராணம் ஒன்றை இயற்றித் தம் பெயரை நிறுவ வேண்டும் என்னும் முனைப்பு அவர் வாழ்வில் மையம் பெறாமல் போனதற்கு, மாறிவந்த காலத்தோடு இந்நெருக்கமும் ஒரு காரணமாகலாம்.

கவிஞர் வாழ்வின் மறுபக்கத்தையும் மாணவர் நேரில் கண்டார். திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவு இருந்தும் பிள்ளைக்குக் கடன் தீரவில்லை. ஐயர் குடும்பத்துக்கும் திருமணக் கடன் இருந்தது. அதனைத் தீர்க்கப் படிப்பை இடைநிறுத்திக் காரை என்னும் ஊரில் திருவிளையாடற் புராணம் படித்துப் பொருள் சொல்லிப் பணம் ஈட்ட வேண்டியதாயிற்று. இலக்கியம் அவருக்கு வருவாய் தந்த முதல் நிகழ்ச்சிகளுள் ஒன்று இது. தாம் இயற்றிய பாட்டால் அன்றி, பிறர் பாட்டுக்குப் பொருள் விளக்கியதால் அவ்வருவாய் கிட்டிற்று. வரவிருந்த வாழ்க்கையின் திசையை இது முன்னறிவிக்கிறது.

விட்டுக்கொடுத்த இசை

வேட்கைக்கு விலை உண்டு என்பதை இசை பற்றிய நிகழ்ச்சி காட்டுகிறது. மாயூரத்தில் இருந்த காலத்தில் ஐயர் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயின்றார். தந்தைவழி வந்த கலை அது. இசைப்பயிற்சியில் பிள்ளைக்கு விருப்பமில்லை என்று தெரிந்ததும் மாணவர் அதனைக் கைவிடுகிறார். பாரதியாரின் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’க்குச் சாற்றுக்கவி தரப் பிள்ளை நெடுநாள் தயங்கியதையும், பிறகு பாரதியார் உருகிப் பாடக் கேட்டு மனம் நெகிழ்ந்து தந்ததையும் ஐயரின் எழுத்துகள் வாயிலாகவே தமிழுலகம் அறிகிறது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒருங்கே நோக்கத்தக்கவை. இலக்கணத் தூய்மையை அளவுகோலாகக் கொண்ட ஒரு புலமை மரபு, மக்களிடையே செல்வாக்குப் பெற்றுவந்த கீர்த்தனை வடிவத்தைத் தயக்கத்துடனேயே நோக்கிற்று. அம்மரபில் இடம்பெற விரும்பிய மாணவர் தம் இன்னொரு கலையை வாயிலில் விட்டுவிட்டு உள்ளே செல்ல வேண்டியிருந்தது. ஐயர் இதனைக் குறையாகப் பேசவில்லை, ஆனால் மறைக்கவுமில்லை. பிள்ளையின் மாயூர நண்பர் வேதநாயகம் பிள்ளை 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்னும் நாவலை வெளியிட்டார் என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். புராணம், கீர்த்தனை, நாவல் ஆகிய மூன்று எழுத்துலகங்கள் ஓர் ஊரில் அருகருகே இருந்தன. மாணவர் தேர்ந்துகொண்டது புராணத்தை. வரலாறு அவரை நாவலின் ஊடகமாகிய உரைநடைக்குக் கொண்டு சேர்த்தது.

ஒரு கேள்வியின் விளைவு

பிள்ளை 1876 பிப்ரவரி முதல் நாள் மறைந்தார். பின்னர்ச் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் திருவாவடுதுறை மடத்தில் பாடம் சொன்ன ஐயர், 1880இல் தியாகராச செட்டியாரின் முயற்சியால் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். படித்த நூல்களை முதலியார் கேட்க, ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் எனப் பெரும்பட்டியலை எடுத்துரைத்தார். முதலியாரிடம் எந்த வியப்பும் தோன்றவில்லை. இவற்றையெல்லாம் படித்ததனால் பயன் என்ன என்னும் பொருள்படக் கேட்டார். சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்ற கேள்வியும் தொடர்ந்து வந்தது.

தமிழ் இலக்கிய வரலாற்றில் திருப்புமுனையாகப் போற்றப்படும் இச்சந்திப்பு, மாணவரின் உளவியல் நோக்கில் ஒரு நெருக்கடியும் ஆகும். அவர் பசித்தும் அலைந்தும் இசையைத் துறந்தும் அம்மை நோய்க்கு ஆளாகியும் பெற்ற கல்வி அனைத்தும் சில நிமிடங்களில் பயனற்றதாகத் தள்ளப்பட்டது. தள்ளியவர் ஆங்கிலக் கல்வி பெற்ற அதிகாரி. தள்ளப்பட்டது ஐயரின் உழைப்பு மட்டுமன்று; ஆசிரியரின் உலகமும்தான். அந்நிலையில் ஒருவர் எளிதில் எடுக்கக்கூடிய முடிவுகள் இரண்டு. ஆசிரியரின் மரபைத் தற்காத்துக்கொண்டு புதிய கேள்வியை ஒதுக்குதல் ஒன்று. புதிய கேள்வியை ஏற்று ஆசிரியரின் மரபை இகழ்தல் மற்றொன்று. ஐயர் இரண்டையும் செய்யவில்லை. முதலியார் தந்த சிந்தாமணிப் படியைப் பெற்றுக்கொண்டு, தெரியாததை மீண்டும் படிக்கத் தொடங்கினார். கல்லூரியில் ஆசிரியராகிவிட்ட இருபத்தைந்து வயதினர் மறுபடி மாணவரானார்.

இம்முறை அவருக்குப் பாடம் சொல்ல ஒருவர் இல்லை. கும்பகோணத்துச் சமணர்களின் வீடுகளுக்குச் சென்று அவர்களது சமய வழக்குகளைக் கேட்டறிந்தார். மணிமேகலைக்காகப் பௌத்தக் கருத்துகளை மளூர் ரங்காசாரியரிடம் கேட்டுத் தெளிந்தார். சைவ மடத்தில் பயின்றவர் சமணத்தையும் பௌத்தத்தையும் அவற்றின் சொற்களாலேயே அறிய முயன்றது, வேட்கை தன் முதல் வீட்டை விட்டு வெளியேறியதன் அடையாளமாகும்.

பெயர்த்து எழுதுதல்

சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்தது. தொடர்ந்து பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) ஆகியவை வந்தன. பதிப்புப் பணியில் எழுத்தின் இரண்டாம் நிலையைக் காணலாம். இங்கு எழுதுபவர் ஒருவர் சொல்லக் கேட்டு எழுதவில்லை. சுவடியைப் பார்த்துப் பெயர்த்தெழுதுகிறார். ஒரு சுவடி ஒன்று சொல்ல, மற்றொன்று வேறொன்று சொல்கிறது; எது சரி என்று அவரே துணிய வேண்டும். நச்சினார்க்கினியர் உரையில் பெயர் சுட்டாமல் எடுத்தாளப்பட்ட மேற்கோள்கள் எந்நூலுக்குரியவை என்று தேடியபோதுதான் மறைந்து கிடந்த நூல்களுக்கு வழி திறந்தது.

கேட்டெழுதுபவருக்குத் துணிவு தேவையில்லை. பெயர்த்தெழுதுபவருக்குத் துணிவின்றி ஓர் அடியும் நகராது. ஏடெழுதிய மாணவருக்குள்ளிருந்து தீர்ப்புக் கூறும் வாசகர் ஒருவர் இவ்வாறு வெளிப்படுகிறார். பதிப்புகளில் முகவுரை, நூலாசிரியர் வரலாறு, கதைச்சுருக்கம், குறிப்புரை ஆகிய உறுப்புகளை அமைக்க வேண்டியிருந்தது. அவையனைத்தும் உரைநடையால் ஆனவை. மடத்துக் கல்வி உரைநடையை எழுதுதற்குரிய கலையாகக் கற்பிக்கவில்லை. அதனை ஐயர் கற்றது, பிறர் நூல்களைப் படிப்போர்க்கு அறிமுகப்படுத்த வேண்டிய தேவையினால்தான். செய்யுள் பாடி அவையோரின் வியப்பைப் பெறும் நோக்கம் மறைந்து, அறியாத வாசகர்க்கு விளங்கச் சொல்லும் நோக்கம் முன்வந்தது. தெளிவு என்பது அவர் உரைநடையின் முதற்பண்பாக அமைந்தது இதன் விளைவாகும்.

நினைந்து எழுதுதல்

எண்பது வயதைக் கடந்த பின் எழுதப்பட்ட ‘என் சரித்திரம்’ மூன்றாம் நிலையைச் சேர்ந்தது. கேட்க ஆசிரியர் இல்லை, பார்க்கச் சுவடி இல்லை, நினைவே மூலம். அம்முதுமையில் கி.வா.ஜகந்நாதன் போன்ற மாணவர்கள் உடனிருந்து துணைசெய்தனர். ஆசிரியருக்காக எழுத்தாணி பிடித்தவருக்கு அருகில் இப்போது அவருடைய மாணவர்கள் இருந்தனர்.

இந்நூலின் கலைச்சிறப்பு அதன் இரட்டைப் பார்வையில் உள்ளது. எழுதும் முதியவருக்குச் சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் புறநானூறும் தெரியும். அவற்றுக்கு முன் அந்தாதிகளும் தலபுராணங்களும் தமிழ் வரலாற்றில் பெறும் இடம் எது என்பதும் தெரியும். எனினும், மாயூரத்து மாணவரின் பரவசத்தை எழுதும்போது அவ்வறிவைக் குறுக்கே நுழைய விடுவதில்லை. ஒரு திரிபந்தாதிக்குப் பொருள் விளங்கிய நாளின் மகிழ்ச்சி, அந்நாளுக்குரிய முழு அளவுடனேயே பதிவாகிறது. பின்னர் முதலியாரின் கேள்வி வரும்போது அதுவும் குறையாத கூர்மையுடன் வருகிறது. ஒன்றால் மற்றொன்றை அழிக்காமல் இரண்டையும் அருகருகே வைத்தலே இவ்வுரைநடையின் நேர்மை.

ஆசிரியரைப் பற்றிய மதிப்பீட்டையும் இந்நோக்கிலேயே காண வேண்டும். பிள்ளையை ஐயர் எங்கும் குறைத்துப் பேசவில்லை என்பதால் அவர் மதிப்பிடவில்லை என்று கருதிவிடக் கூடாது. ஆசிரியர் சொல்லாத நூல்களைத் தேடிப் பதிப்பித்தலில் தம் வாழ்நாளைச் செலவிட்டதே அவர் செய்த மதிப்பீடு. ஆசிரியரின் வரலாற்றை இரு பாகங்களாக எழுதியது அவர் செலுத்திய நன்றி. செயலால் விலகிச் சொல்லால் நெருங்கி நிற்கும் இந்நிலையை வெறும் குருபக்தி என்னும் ஒற்றைச் சொல்லால் விளக்கிவிட முடியாது.

பிரதியின் மௌனங்கள்

பிள்ளையின் மாணவர் வட்டம் சமய வேறுபாட்டைக் கடந்தது. கிறித்தவராகிய சவேரிநாத பிள்ளை, இசுலாமியராகிய நாகூர் குலாம் காதிறு நாவலர், சைவர், அந்தணர் ஆகியோர் அதில் இருந்தனர். 19ஆம் நூற்றாண்டுச் சூழலில் இது போற்றத்தக்கது. ஆனால், அவ்வட்டத்தில் பெண்களையும் ஒடுக்கப்பட்ட சாதியினரையும் காண இயலவில்லை. நந்தனின் கதையைப் பாடுவதைப் பற்றிப் பேசும் அவ்வுலகில் நந்தனின் வழிவந்தோர்க்குப் பாடம் கேட்கும் இடம் இல்லை. பாடம் ஒன்றாகக் கேட்கும் மாணவர்களிடையேயும் உணவு சாதி வழக்கப்படி பிரிந்தே நிகழ்ந்தது. ஐயர் அதனை அக்காலத்து இயல்பாகவே எழுதிச் செல்கிறார்.

1868இல் நிகழ்ந்த திருமணம் விரிவாகப் பேசப்படுகிறது. ஆனால் அதன் பின் மனைவி பற்றிய குறிப்புகள் மிக அரிது. மாதக்கணக்கில் கணவர் ஆசிரியருடன் ஊர் ஊராகச் சென்ற காலத்தில் அவ்வீட்டில் இருந்தவரின் வாழ்வு நூலுக்குள் வரவில்லை. ஒருவரது கல்வி வேட்கை நிறைவேறப் பலருடைய உழைப்பும் காத்திருப்பும் தேவைப்பட்டன. தந்தையின் பங்கு மட்டும் எழுத்தில் நிலைபெற்றது. தன்வரலாற்றை ஆவணமாகக் கொள்வோர் இம்மௌனங்களையும் ஆவணமாகக் கொள்ளுதல் வேண்டும். நூலின் மதிப்பைக் குறைப்பதற்காக இது கூறப்படவில்லை. இலக்கியம் படிக்கும் ஆசை எல்லோருக்கும் தோன்றக்கூடியது; அதனை நிறைவேற்றும் வழி சிலருக்கே திறந்திருந்தது என்னும் உண்மை, அவ்வழியின் கடுமையை விவரிக்கும் நூலை மதிப்பிடும்போது விடுபடலாகாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வருவன தெளிவாகின்றன. ‘என் சரித்திரம்’ கவிஞராக விரும்பிய மாணவர் உரைநடையாளரான வரலாற்றைக் கூறுகிறது. அம்மாற்றம் ஒரு நாளில் நிகழவில்லை. கேட்டெழுதுதல், பெயர்த்தெழுதுதல், நினைந்தெழுதுதல் என்னும் மூன்று பயிற்சிகளின் வழியே நிகழ்ந்தது. முதலாவது செய்யுளின் பிறப்பை அருகிருந்து காட்டிற்று. இரண்டாவது தீர்ப்புக் கூறும் துணிவைத் தந்தது. மூன்றாவது தம் வாழ்வையே நூலாக்கும் ஆற்றலை வெளிக்கொணர்ந்தது. தாம் முதலில் விரும்பிய கவிஞர் நிலை வாழ்வின் மையத்திலிருந்து விலகியதை ஐயர் இழப்பாக எங்கும் எழுதவில்லை.

எழுதுவதும் ஆராய்வதும் வேறுவேறு துறைகள் என்னும் இன்றைய எண்ணத்தை இந்நூல் மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. சுவடிகளை ஒப்பிட்டதும் மேற்கோளின் மூலத்தைத் தேடியதும் அருஞ்சொல்லுக்குப் பொருள் கண்டதும் ஐயரின் எழுத்துக்குத் தடையாக இருக்கவில்லை. அவையே அவருக்கு எழுத்துப் பள்ளியாயின. எழுத்தாளராகும் விருப்பத்துடன் தமிழ்த்துறைக்கு வரும் மாணவர், தாம் எழுதும் அடிக்குறிப்பும் தயாரிக்கும் சொல்லடைவும் அவ்விருப்பத்துக்குப் புறம்பானவை என்று கருத வேண்டியதில்லை. அதே வேளையில், அம்மாணவரிடம் ஒரு பிரதியைக் கையில் எடுத்துப் பெயர்த்தெழுதச் சொல்லும் அளவுக்கு, உடனிருந்து செய்து காட்டும் அளவுக்கு, நம் வகுப்பறைகள் அவருக்கு நேரம் ஒதுக்குகின்றனவா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஒரு புலவர் தம் அருகில் ஒரு மாணவருக்கு இடம் தந்தார். அவ்விடத்திலிருந்தே இவ்வளவும் தொடங்கிற்று.